இரண்டாவது மீட்டர்

பூப்பாறை, எஸ்டேட் லயம்
14.4.2025

அக்காவுக்கு,

அனுசியா எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. இங்கே லயத்து வரிசை வீடுகளில் சிக்னலும் கிடையாது. மேட்டில் ஏறி நின்று எஸ்டேட்டே கேட்கிற மாதிரி கத்த எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதி, கூலி ஆட்களைக் கொண்டுவந்து விடும் பால்ராஜ் அண்ணன் ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். பதில் எழுதினால் காலையில் அவர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் கொடுங்கள்.

விஷயம் ஒன்றுதான். பின்கட்டுக்கு எங்கள் பெயரில் தனிக் கரண்டு மீட்டர் வேண்டும். வீடு நம் வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. முன்கட்டு உங்களுக்கு, பின்கட்டு எங்களுக்கு என்று மாமனார் இருக்கும்போதே பேசி முடித்ததுதான். ஒரே மீட்டரில் இருந்ததால்தானே இத்தனை அக்கப்போர்? இந்த முறை கரண்டு பில் திடீரென்று ஏறி வந்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நீ காய் பொறுக்குற சோலிக்கு நாங்க பில்லு கட்டணுமா?" என்றீர்கள். அதுவும் வாசலில், தெருவில் ஆட்கள் நிற்கும்போது. அதனால்தானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இவர் வேலை பார்க்கும் எஸ்டேட்டுக்கு ஏறி வந்தேன். மண்டியிலிருந்து ஏலக்காய் வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து தரம் பிரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு ஒரு டியூப்லைட்டும் ஒரு மேசை ஃபேனும்தான் ஓடின. அது ஒரு வீட்டின் பில்லையே இப்படி ஏற்றிவிடுமா? நானும் பிளஸ் டூ வரை படித்தவள்தான். எதையோ மறைத்து என் தலையில் கட்டுகிறீர்கள் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அமுதவள்ளி இரண்டாம் வகுப்பு. அதற்குள் மீட்டர் வந்தால் நானும் அவளும் போடிக்கு இறங்கி வருவோம். வராவிட்டால் இங்கேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று இவர் சொல்கிறார். ஊரில் இருப்பது நீங்கள்தான். ஆபீசில் கேட்டு எழுதுங்கள்.

அமுதா நன்றாக இருக்கிறாள். யாரையும் கேட்டு அழவில்லை.

அனுசியா


போடி
17.4.2025

அனுசியாவுக்கு,

பால்ராஜ் லட்டரை நீட்டியதும் பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று வாசலிலேயே உறையைக் கிழித்தேன். பிரித்துப் பார்த்தால் மீட்டராம்! அடி ஆத்தே, நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் உன் பேனாவில் மை தீர்ந்துவிடுமா?

நான் தெருவில் வைத்துச் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள். நீ திருப்பிச் சொன்னதை ஏன் எழுதாமல் விட்டாய்? நான் எழுதுகிறேன். "பிள்ளை இல்லாத வீட்டுல பல்பு எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன?" என்றாய். அப்போது அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அவள் விடிந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடுக்கதவு வழியாக வந்து என் போர்வைக்குள் புகுந்துகொள்கிறாளே, அது உன் கண்ணுக்குப் பிள்ளையாகத் தெரியவில்லையா? பெறாதவள் என்று ஊர் சொல்லியிருக்கிறது, எங்கள் சொந்தம் சொல்லியிருக்கிறது. நீ சொல்வாய் என்று நான் நினைக்கவில்லையடி.

தனி மீட்டர் கேட்க நான் போகமாட்டேன். ஆனால் ஆபீசுக்குப் போகத்தான் போகிறேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று எழுதிவிட்டாய் அல்லவா? பில் எதனால் ஏறியது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு உனக்கு எழுதாவிட்டால் என் பெயர் சந்திரவல்லி இல்லை. என்னைக் கட்டியவர், உன் பெரிய மாமா, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். அவர் வந்து கேட்பார் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

யாரையும் கேட்டு அழவில்லை என்றால் யாரை? பேரைச் சொல்லி எழுதக்கூட உனக்கு வீம்பு. மலைக்குளிரில் அவளுக்கு உடனே சளி பிடிக்கும். காதை மூடித் துணி கட்டு.

சந்திரவல்லி


போடி
25.4.2025

அனுசியாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். போய் வந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

மின்வாரிய ஆபீசில் என்ஜினியர் ஒரு சின்னப் பெண். பெயர் அருள்மொழி. நான் பில்லை மேசையில் போட்டு, "எங்க வீட்டுல யாரு இம்புட்டுக் கரண்ட எரிச்சதுன்னு சொல்லும்மா" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "மீட்டருக்கு ஆள் தெரியாதும்மா, யூனிட்டுதான் தெரியும்" என்றாள்.

பிறகு சொன்னதைக் கேள். ரெண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட் வரைக்கும் ஒரு விலைப் பட்டியல். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் வேறு பட்டியல். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? அப்படி இல்லையாம். அதற்கு முன்னால் எரித்ததற்கும் சேர்த்துப் புது விலையாம். "எம்புட்டும்மா தாண்டியிருக்கோம்?" என்றேன். "கை விரல்ல எண்ணிரலாம்" என்கிறாள். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. அந்த நாலஞ்சு யூனிட் உன் ஃபேனாகவும் இருக்கலாம், என் கிரைண்டராகவும் இருக்கலாம், அமுதா அணைக்காமல் விட்ட பாத்ரூம் லைட்டாகவும் இருக்கலாம். யார் என்று சாமி வந்தாலும் சொல்ல முடியாது. நீ மலை மாதிரி எரித்துவிட்டாய் என்று நான் நினைத்தேன். நான் பொய் சொல்கிறேன் என்று நீ நினைத்தாய். ரெண்டு பேரும் முட்டாள்கள்.

கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தும், வாய் சும்மா இருக்காமல் தனி மீட்டரையும் கேட்டுவிட்டேன். அவர்கள் பாஷையில் இணைப்புக்கு சர்வீஸ் என்று பெயர். வீட்டில் என்னென்ன ஓடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது மின்பளுவாம், இங்கிலீஷில் லோடு. ஜீப்பில் ஏற்றுவது லோடு, லாரியில் ஏற்றுவது லோடு, இப்போது வீட்டுக்கும் ஒரு லோடு. அதெல்லாம் பரவாயில்லை, எழுதிக் கொடுத்துவிடலாம். தகராறு எங்கே வருகிறது என்றால், ஒரே வளாகத்தில் ஒரே குடும்பத்துக்கு ரெண்டு சர்வீஸ் தரமாட்டார்களாம். தனி வாசல் இருக்க வேண்டும், தனிச் சமையல் இருக்க வேண்டும், ரெண்டு கட்டுக்கும் நடுவில் வழி இருக்கக் கூடாது. நேரில் வந்து பார்ப்பார்களாம்.

உன் பக்கம் சந்து வாசல் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. மிச்சம் இருப்பது நடுக்கதவு. "பூட்டுப் போட்டா போதுமாம்மா?" என்று கேட்டேன். "பூட்டைத் திறந்துக்கலாமேம்மா. சுவரா இருக்கணும்" என்றாள்.

இப்போது சொல். பில் ஏன் ஏறியது என்று தெரிந்துவிட்டது. இன்னும் உனக்கு மீட்டர் வேண்டுமா?

சந்திரவல்லி


பூப்பாறை
30.4.2025

அக்காவுக்கு,

உங்கள் இரண்டு லட்டரும் சேர்ந்து வந்தன. பால்ராஜ் அண்ணன் ஜீப் மேட்டில் ரிப்பேராகி நின்றுவிட்டது.

ஐந்நூறு யூனிட் விஷயம் புரிந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டியல் மாறியது தெரியாமலேயே என்னைத் திட்ட உங்களுக்குத் தெரிந்ததே? ஒரு ஆபீசர் சொன்ன பிறகுதான் நான் திருடியில்லை என்று உங்களுக்கு விளங்குகிறது. சரி, இந்த முறை விளங்கிவிட்டது. அடுத்த பில்லுக்கும் அந்த ஐந்நூறு என்கிற கோடு வருமே. ஒவ்வொரு ரீடிங்குக்கும் நான் ஃபேனைப் போடலாமா, அணைக்கலாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமா? நீங்கள் கிரைண்டர் போடும்போது நான் யூனிட்டை எண்ண வேண்டுமா? அப்படி ஒரே வீட்டில் இருப்பதைவிடச் சுவர் மேல்.

சுவர் வையுங்கள்.

நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி எழுதப் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

இங்கே தண்ணீருக்கு மீட்டரும் இல்லை, வரியும் இல்லை. ஓடையிலிருந்து ஓஸ் குழாய் போட்டு இழுத்திருக்கிறார்கள். பன்றி மிதித்துவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. சாயங்காலமானால் பல்பு சிவப்பாகத்தான் எரிகிறது. இவர் எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்கும் வேலையில் விடிய விடிய நிற்கிறார். எனக்குத் தூக்கம் வருவதில்லை, பகலில் எழுந்து ஒரு வேலை செய்யவும் பிடிக்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அமுதா பக்கத்து லயத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து தண்ணீரை மலையாளத்தில் "வெள்ளம்" என்று கேட்கப் பழகிவிட்டாள். காதில் துணி கட்டினேன். பெரியம்மா கட்டுகிற மாதிரி இல்லை என்று அவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

அனுசியா


போடி
12.5.2025

அனுசியாவுக்கு,

நீ கேட்டது முடிந்தது.

உன் பெரிய மாமா வந்ததும் சொன்னேன். "எழவெடுத்த சோலி, ஆளுக்கொரு தெரு பாத்துப் போங்க" என்று சத்தம் போட்டுவிட்டு, கையெழுத்துப் போட வேண்டியதில் எல்லாம் போட்டுவிட்டு, மறுபடி லாரி ஏறிவிட்டார். உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் வந்து சேர்ந்தது. கொத்தனார் சின்ராசுவைக் கூப்பிட்டேன். அவன் கதவைக் கழற்றும்போது நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். செங்கல் அடுக்கிப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டான். அருள்மொழி வந்து ரெண்டு பக்கமும் பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள், சரி என்று எழுதிக்கொண்டாள். காப்புத்தொகை கட்டியாகிவிட்டது. மீட்டர் இந்த மாதமே மாட்டிவிடுவார்களாம்.

ஆனால் தாயே, உனக்குக் கரண்டு வரும், தண்ணீர் வராது. நகராட்சிக் குழாய் என் பக்கம்தான் இருக்கிறது. அங்கேயும் போனேன். பின்கட்டுக்குத் தனிக் குடிநீர் இணைப்பு வேண்டுமென்றால் முதலில் அதற்குத் தனி வரிவிதிப்பு எண் வாங்க வேண்டும். அதற்கு அளந்து பார்க்க ஆள் வர வேண்டும். எண் வந்த பிறகுதான் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கவே முடியும். அது எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் நீ தெருவைச் சுற்றி வந்து என் வாசலில்தான் குடத்தை வைக்க வேண்டும்.

இன்றைக்குக் காலையில் விழித்ததும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நீதான் கேட்டாய், நீயே கேட்டுக்கொள்.

சந்திரவல்லி


பூப்பாறை
22.5.2025

அக்காவுக்கு,

உங்கள் லட்டரைப் படித்ததும் இவர் மடித்து என் கையில் கொடுத்தார். சாப்பிடாமல் ஸ்டோருக்குப் போய்விட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது, எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. ஏன் இல்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அமுதாவிடம் சொல்லிவிட்டேன். கதவு இருந்த இடத்தில் சுவர் இருக்கும், பெரியம்மாவைப் பார்க்கத் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றேன். "செருப்புப் போட்டுக்கிட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப பெரியம்மா எந்திரிச்சிருவாங்களே" என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி இறங்குகிறோம். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் அல்லவா?

அனுசியா


போடி
30.5.2025

அனுசியாவுக்கு,

இருக்கமாட்டேன்.

இதை முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் மீட்டர் மாட்டியாகிவிட்டது. பின்கட்டுச் சாவி சந்து முனைக் கடையில் மொக்கம்மாளிடம் இருக்கிறது. என் வீட்டுச் சாவியும் அவளிடம்தான். தண்ணீருக்குத் திறந்து பிடித்துக்கொள், கூச்சப்படாதே.

நான் சிலமலைக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை பேசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் என்னால் படுத்திருக்க முடியாது. நான் கல் இல்லை. எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியவில்லை. எழுத வேண்டியிருந்தால் சிலமலையிலிருந்து காய் விற்க வரும் சுருளியம்மாளிடம் கொடுத்துவிடு.

பிள்ளைக்குப் போன வருசச் சீருடை இறுக்கும். புதுசு தைத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

சந்திரவல்லி


போடி
9.6.2025

அக்காவுக்கு,

நான் உங்கள் வீட்டைத் திறக்கவில்லை. சீருடைக்கு மட்டும் மொக்கம்மாக்காவை அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். நீங்கள் இல்லாத வீட்டுக்குள் சாவி போட்டு நுழைய எனக்கு மனசு வரவில்லை. தண்ணீருக்குத் தெருக்குழாயில்தான் நிற்கிறேன். அங்கே ஒவ்வொருத்தியும், "அக்கா தங்கச்சியா இருந்தீகளே, என்னாச்சு?" என்று கேட்கிறாள். வரிவிதிப்பு எண்ணுக்குக் காத்திருக்கிறோம் என்றா சொல்ல முடியும்?

போன வாரம் ரீடிங் எடுக்க ஆள் வந்தார். என் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே ஓடலையேக்கா" என்றார். பிறகு உங்கள் வாசலுக்குப் போனார். மீட்டர் உள்ளே இருக்கிறதே, பூட்டியிருக்கிறது. மெஷினில் தட்டிக்கொண்டே, "டோர் லாக்குன்னு போட்டுர்றேன். ஆளு இல்லாட்டி போன தடவைக் கணக்குதான் வரும்" என்றார். "வெளியூரா, வீட்டைக் காலி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "யாரு காலி பண்ணுனது? எங்கக்கா வீடு அது. சிலமலை வரைக்கும் போயிருக்காக, வந்துருவாக" என்று கத்திவிட்டேன். பாவம், அந்த ஆள் பயந்துபோய்ப் படி இறங்கிவிட்டார்.

அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த மறுநாள் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, கண்ணைத் திறக்காமலேயே நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். நெற்றி புடைத்துவிட்டது. தூக்கிவைத்து விளக்கெண்ணெய் தடவி, "இங்க சுவருடா கண்ணு, மறந்துட்டியா?" என்றேன். தலையை ஆட்டினாள். மறுநாள் முட்டவில்லை. ஆனால் எழுந்து போனாள். கையை முன்னால் நீட்டிக்கொண்டு போய், சுவரைத் தொட்டதும் அங்கேயே சரிந்து உட்கார்ந்து தூங்கிவிட்டாள். தினமும் இதுதான். நேற்று அவள் பக்கத்தில் நானும் போய்த் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளை இல்லாத வீடு என்று நான் சொன்னேனே அக்கா, அந்த வாயை என்ன செய்வது? இந்தப் பிள்ளை என் வீட்டில் இருந்துகொண்டு உங்கள் சுவரில் சாய்ந்து தூங்குகிறது.

இன்றைக்குக் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன். மொக்கம்மாக்காவிடம் கடப்பாரை வாங்கினேன். கொத்தனார் யாரையும் கூப்பிடவில்லை. பூச்சைக் கொத்தினேன். கை எரியும், சாயங்காலம் ஆகும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பூச்சு உரிந்ததும் முதல் செங்கல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே வந்தது. உள்ளே சிமெண்டே இல்லை, வெறும் செம்மண். ஒரு கல்கூட உடையவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வழி வந்துவிட்டது.

அருள்மொழி மேடத்திடம் போய், ஒரே வளாகம், ஒரே குடும்பம், ரெண்டு சர்வீசையும் ஒன்றாக்கிவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். மறுபடி ஐந்நூறைத் தாண்டும். தாண்டட்டும். நீங்கள் திட்டுங்கள், நானும் திட்டுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தச் சுவருக்கு மண் வைக்கச் சொன்னது யார்?

அனுசியா


சிலமலை
10.6.2025

அடி கூறுகெட்டவளே,

சுருளியம்மாள் கத்திரிக்காய்க் கூடைக்கு அடியிலிருந்து உன் லட்டரை எடுத்துக் கொடுத்தாள். படித்துவிட்டுத் தோட்டத்திலேயே உட்கார்ந்து அழுதேன். என் அண்ணி பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள்.

பிள்ளை நெற்றியில் முட்டிக்கொண்டதை இத்தனை நாள் கழித்து எழுதுகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா? வீக்கம் வடிந்ததா, இல்லையா? மொக்கம்மாளிடம் சாவியை வாங்கு. தெருக்குழாயில் இனி உன்னைப் பார்த்தேன் என்றால் தெரியும் சேதி. ஆபீசுக்கு நீ தனியாகப் போகாதே. சர்வீசை ஒன்றாக்க ரெண்டு வீட்டுக் கையெழுத்தும் கேட்பார்கள். நானும் வருகிறேன், ரெண்டு பேருமாகப் போவோம்.

மண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சின்ராசு சிமெண்டைத்தான் குழைத்து வைத்திருந்தான். நான்தான் அதைச் சந்தில் கொட்டிவிட்டு மண்ணை வைக்கச் சொன்னேன். சிமெண்டு விற்கிற விலைக்கு யார் அதைச் செலவழிப்பது? வேறு ஒரு காரணமும் இல்லை. இதற்கு மேல் என்னை அதைப் பற்றிக் கேட்காதே.

இதைச் சுருளியம்மாளிடம் கொடுத்துவிட்டு, அவள் ஏறுகிற பஸ்சிலேயே நானும் ஏறுகிறேன். லட்டர் முந்துகிறதா, நான் முந்துகிறேனா, தெரியவில்லை.

சந்திரவல்லி